எந்த லைன்?

இந்த இன்டர்நெட் ஆபீசுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு என்று கபீர் சொன்னார். போனில் பேசும்போது இங்கே எல்லோரும் ஏன் "வேணாம்" என்பதை முதலில் சொல்கிறார்கள் என்பதுதான் அது. "வேணாம், ரீஸ்டார்ட் பண்ண வேணாம்." "வேணாம், அந்த கேபிளைத் தொட வேணாம்." ஒரு தடவை சொன்னால் போதாதா என்று நீங்கள் உங்களுக்குள் சிரித்துக்கொண்டதாகவும் கேள்விப்பட்டேன். சிரியுங்கள், தப்பில்லை. அந்தப் பழக்கம் என்னால் வந்தது என்பதால் அதன் கதையையும் நானே சொல்லிவிடுகிறேன். இணைப்புப் படிவத்தில் "எந்த லைன்?" என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அதுவும் அதே மத்தியானத்தில் பிறந்ததுதான்.

கட்டளைகளை நான் சொல்லித்தரப் போவதில்லை. அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு எனக்குக் கட்டளைகள் மறந்துகொண்டே வருகின்றன. மறக்காமல் இருப்பது மழையும், ஒரு சுவரில் தாரால் எழுதியிருந்த எண்ணும், கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட ஒரு குரலும்தான்.

நான் கொஞ்சம் கனவு காண்கிற ஆள். பாச்சாங் கடைவீட்டு மாடியில் சர்வர் அறை இருந்த காலம் அது. ஏர்கான் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். திரையில் கோடுகள் ஏறும், இறங்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் கீழே ஜாலானில் போகும் மோட்டார் சத்தம்கூட எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் இருக்கும். "இந்தம்மா கண்ணைத் திறந்துகிட்டே தூங்குவாங்க" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். நான் தூங்கியதில்லை. கோடுகளுக்குள் வீடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வீட்டில் பாடம், ஒரு வீட்டில் படம், ஒரு வீட்டில் வெளிநாட்டுக்குப் போன மகளோடு சண்டை. எல்லாம் துண்டு துண்டாக நம் ஒரே லினக்ஸ் மெஷினுக்குள் வந்து, முறை வரும்வரை நின்று, வெளியே போகும். வேகத்தைக் கொடுக்கிறோம் என்று வாடிக்கையாளர் நினைக்கிறார். நாம் கொடுப்பது காத்திருப்பு. யாரை எவ்வளவு நேரம் நிற்க வைப்பது என்பதுதான் டிராஃபிக் ஷேப்பிங் என்கிற நம் பிழைப்பு.

வீடுகள் கொஞ்சமாக இருந்தபோது அது சுகமான பிழைப்பு. கூடக் கூடத்தான் தலைவலி. முதலில் விதிகளின் பட்டியல் நீண்டது. பாக்கெட் என்கிற அந்தத் துண்டு ஒவ்வொன்றும் "நான் எந்த வீடு, நான் எந்த வீடு" என்று பட்டியலின் தலையிலிருந்து கால்வரை கேட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதை மாற்றி, முகவரியைப் பார்த்ததும் நேரே தன் வரிசைக்குப் போகும்படி செய்தேன். கொஞ்ச காலம் நிம்மதி. பிறகு வேறு வியாதி வந்தது. எட்டு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் எட்டு மூளை, உள்ள பெரிய மெஷினை வாங்கி வைத்தோம், வேகம் கூடவே இல்லை. வரிசைகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அவற்றுக்கெல்லாம் சேர்த்துப் பூட்டு ஒன்றுதான். ஒரு கோர் அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தது. மற்ற ஏழும் அது எப்போது விடும் என்று பார்த்துக்கொண்டு நின்றன.

அதனால் எல்லா வீடுகளையும் எட்டுப் பிரிவாகப் பிரித்தேன். ஒரு பிரிவுக்கு ஒரு கோர், அதற்கென்று தனி வரிசைகள், தனிப் பூட்டு. ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டியதில்லை. அழகான வேலை, இன்றும் அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பிரிவுகளுக்கு லைன் ஒன்று, லைன் இரண்டு என்று எட்டுவரை பெயர் வைத்தேன். அந்தப் பெயரை நினைத்தால்தான் இன்றும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

வாடிக்கையாளர் பட்டியலில் "லைன்" என்று ஒரு கட்டம் ஏற்கெனவே இருந்தது. பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். கட்டம் காலியாக இருந்தால் ஊரைப் பார்த்து ஒரு பிரிவில் போடு, எண் இருந்தால் அந்த எண்ணுள்ள பிரிவில் போடு என்று ஸ்கிரிப்ட் எழுதினேன். சுங்கை ரம்பாய்ப் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று நம்மிடம் இணைப்பு வாங்கியிருந்தது. அந்தத் தோட்டத்து வீடுகளுக்கு மட்டும் அந்தக் கட்டத்தில் ஒன்று முதல் ஆறுவரை எண்கள் இருந்தன. யாரோ யோசித்துத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். யார் போட்டது, எதற்குப் போட்டது என்று கேட்கவில்லை.

சில மாதம் கழித்து லெட்சுமியிடமிருந்து முதல் போன் வந்தது. அந்தத் தோட்டத்து வாடிக்கையாளர் என்பதைத் தவிர அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

"அக்கா, மூணு மணியானா எங்க லைன்ல பேச்சு உடையுது."

அவள் இணைப்பைத் திறந்து பார்த்தேன். அவள் வரிசையில் நெரிசல் இல்லை, ஒரு பாக்கெட்கூட விழவில்லை. "உங்க லைனை இப்பதான் பார்த்தேன்மா, சுத்தமா இருக்கு" என்றேன்.

"இல்லக்கா. எங்க லைன்ல மட்டும்தான் இப்படி. மத்த லைன்லலாம் நல்லா வருது."

இவள் வீட்டில் இன்னொரு கம்பெனியின் இணைப்பையும் வைத்துக்கொண்டு நம்மைக் குறை சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் கோபமும் வந்தது. கபீரை அனுப்பினேன். கோபுரம் ஏறுவது, வயர் இழுப்பது, வீட்டுக்கு வீடு பெட்டி பொருத்துவது எல்லாம் அப்போது கபீர்தான். டவுனில் அவர் அத்தா வைத்திருந்த ஜவுளிக்கடையில் உட்காரப் பிடிக்காமல் கோபுரத்தில் ஏறியவர். போனார், பெட்டியை மாற்றினார், வந்தார். அடுத்த வாரமும் அதே போன், அதே சொல். மறுபடி போனார், வயரையும் மாற்றினார். அவர் போகிற காலை நேரத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தது.

அதே நாட்களில் பாச்சாங்கில் இருக்கும் மாணவர் விடுதிகளிலிருந்தும் "ஸ்லோ லா" என்று செய்தி வந்துகொண்டிருந்தது. விடுதிப் பிள்ளைகள் குறை சொல்லாத நாளே கிடையாது என்பதால் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் எட்டு கோர்களின் சராசரி பாதிக்கும் கீழேதான் ஓடிக்கொண்டிருந்தது. நானும் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் கனவு கண்டேன்.

மூன்றாவது போன் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. இந்தத் தடவை அவள் குரலில் குறை சொல்கிற தொனி இல்லை.

"அக்கா, இன்னிக்கு மூணு மணிக்கு ஒரு கால் இருக்கு. இன்னிக்கும் எங்க லைன்ல உடைஞ்சா எனக்கு வேல போயிரும். அதுகூடப் பரவால்லக்கா. அந்த ஆளு இன்னொரு தடவ சொல்ல மாட்டாரு."

"எந்த ஆளும்மா?"

"போன்ல சொல்லக் கூடாதுக்கா."

கபீரைச் சர்வர் அறையில் உட்காரச் சொல்லிவிட்டு நானே காடியை எடுத்தேன். அந்தப் பாதையில் நான் அதிகம் போனதில்லை. நான் பாச்சாங்கிலேயே பிறந்து அங்கேயே வளர்ந்தவள், தோட்டம் எனக்குப் பட்டியலில் உள்ள ஒரு பெயர். உம்பாய் தாண்டி உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் செம்பனை நெருங்கி வந்தது. மேகம் இறங்கியிருந்தது. வெளிச்சம் பச்சையாகி, தண்ணீருக்குள் ஓட்டிக்கொண்டு போவதுபோல் இருந்தது. எவ்வளவு தூரம் ஓட்டினேன் என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. தோட்டத்துக்குள் போய், முதலில் தெரிந்த நீளமான சுவரின் ஓரமாகக் காடியை நிறுத்தினேன். சுவரில் தாரால் பெரிதாக 4 என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு உள்ளே போனேன். அவ்வளவுதான்.

லெட்சுமிக்கு நாற்பது வயது இருக்கும். சின்ன முன்னறை. குரல் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் பூராவும் போர்வை தொங்கவிட்டிருந்தாள். கழுத்தில் ஹெட்போன். தூரத்து ஆஸ்பத்திரிகளில் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளிகள் வந்தால், டாக்டர் சொல்வதைத் தமிழிலும் நோயாளி சொல்வதை மலாயிலும் இங்கிருந்தே சொல்வது அவள் வேலை. எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பேரும் ஊரும் சொல்ல மாட்டேன்கா. ஒரு பெரியவரு. இனிப்பு நீரு. கால எடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு. சம்மதமான்னு நான் கேக்கணும். போன வாரம் கேட்டேன். ரொம்ப நேரம் அவரு பேசல. அப்புறம் மெதுவா, 'கால எடுக்க வேணாம்னு'ன்னாரு. அதோட உடைஞ்சு போச்சு."

"வேணாம்னுக்கு அப்புறம் என்ன?"

"அதான்கா தெரியல. 'வேணாம்னு சொல்றேன்'னா ஒண்ணு. 'வேணாம்னு சொல்ல மாட்டேன்'னா வேற. டாக்டர் என்னக் கேக்குறாரு, சரிங்கிறாரா முடியாதுங்கிறாரான்னு. தெரியலன்னு சொன்னேன். பெரியவர மறுபடி கேட்டேன். அவரு வாயத் தொறக்கல. அழுற சத்தம் மட்டும் வந்துச்சு. அது உடையாம தெளிவா வந்துச்சு."

நான் காப்பியைக் கீழே வைத்தேன். நம் வரிசையில் நான் அன்றாடம் எண்ணுகிற பாக்கெட்டுகளுக்குள் இப்படியும் ஒன்று இருக்கும் என்று என் கனவில்கூட வந்ததில்லை. இங்கிலீஷிலும் மலாயிலும் 'இல்லை' என்கிற சொல் வாக்கியத்தின் முன்னாலேயே வந்துவிடும். நம் தமிழில் கடைசியில்தான் வருகிறது. கடைசித் துண்டு விழுந்தால் ஒரு மனிதரின் சம்மதமே தலைகீழாகப் போய்விடுகிறது.

"நீங்களா ஊகிச்சுச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"ஊகிக்கக் கூடாதுக்கா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும், இல்ல திரும்பக் கேக்கணும். எங்களுக்கு மொத பாடமே அதுதான்."

அதற்காகவே டாக்டர் அவள்மேல் புகார் கொடுத்திருந்தார். இன்னொரு தடவை பேச்சு உடைந்தால் இனிமேல் அழைப்பே கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. வேறு ஆளை வைத்துப் பேசலாம் என்றால், அந்தப் பொண்ணிடம்தான் சொல்லுவேன் என்று பெரியவர் பிடிவாதமாக இருக்கிறார். காலின் நிலைமை மோசமாகிக்கொண்டே போகிறது. மறுபடி கேட்கும் நேரம் இன்று மூன்று மணி.

அப்போது மணி ஒன்று. லேப்டாப்பை அவள் பெட்டியில் செருகிச் சோதித்தேன். கண்ணாடிபோல் இருந்தது. இரண்டு மணிக்கும் அப்படியே. குறை எங்கே என்று தெரியாத குழப்பத்தில், "வேற வீட்டுல போய்ப் பேச முடியாதா?" என்று கேட்டேன்.

"அஞ்சாவது லைன்ல என் நாத்தனா வீடு இருக்கு. அங்க உடையாது. ஆனா ஒரே ரூம்பு, நாலு பிள்ளைங்க. அந்த ஆளு பேசுறது வேற யாரு காதுலயும் விழக் கூடாதுக்கா."

"அஞ்சாவது லைனா?" லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தேன். "எந்த லைன்?"

இது என்ன கேள்வி என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டு, அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். எதிரே இன்னொரு நீளமான வீட்டு வரிசை. அதன் ஓரச் சுவரில் தாரால் 5 என்று எழுதியிருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் இப்படிப்பட்ட வீட்டு வரிசையை எழுத்தில் நாம் லயம் என்கிறோம். அந்தத் தோட்டத்தில் வாயில் வருவது லைன். மூன்று தடவையும் "எங்க லைன்" என்று அவள் சொன்னது அவள் இணைப்பை அல்ல. ஒட்டி ஒட்டி நிற்கும் பதினாறு வீடுகளை. நான் காடியை நிறுத்தியிருந்த சுவரை.

தோட்டத்தில் போன் சிக்னல் கிடையாது. அவள் வைஃபை வழியாகவே கபீரைக் கூப்பிட்டேன்.

"கபீர், பட்டியல்ல லைன்னு ஒரு கட்டம் இருக்கே, தோட்டத்துக்கு நம்பர் போட்டது யாரு?"

"நாந்தான்கா. எத்தனாவது லைன்னு தெரியலன்னா நம்ம ஆளுங்க எந்த வீட்டுக்கு வயர் இழுப்பாங்க?"

"இப்ப எட்டு கோரையும் தனித்தனியா பாத்துச் சொல்லுங்க. சராசரி வேணாம்."

கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார். "நாலாவது முட்டிக்கிட்டு ஏறுதுக்கா. மத்ததெல்லாம் சும்மா கெடக்கு."

நாலாவது கோரில்தான் பாச்சாங் விடுதிகள் மொத்தத்தையும் போட்டிருந்தேன். தோட்டத்து நாலாவது லைனை என் ஸ்கிரிப்ட் கொண்டுபோய் அதே கோரில் அடைத்திருந்தது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் திரும்பி வந்து விளையாட்டைத் திறந்ததும் அந்த ஒரு கோர் நிரம்பிவிடும். மீதி ஏழும் சும்மா இருப்பதால் சராசரி அழகாகத் தெரியும். லெட்சுமியின் வரிசை ஏன் சுத்தமாக இருந்தது தெரியுமா? அவள் பாக்கெட்டுகள் வரிசைவரை வந்து சேரவே இல்லை. கோருக்குக் கை ஓயாததால் அவை நெட்வொர்க் கார்டின் வாசலிலேயே விழுந்துகொண்டிருந்தன. காலியாக இருந்த வரிசையைப் பார்த்து நெரிசல் இல்லை என்று நான் சான்று கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மணி இரண்டேகால் ஆகியிருந்தது. முதலாளிக்கு விஷயம் போயிற்று. விடுதிகளை ஒரு மணி நேரம் நிறுத்திவிடு என்று கபீர் வழியாகச் சொல்லி அனுப்பினார். முடியாது என்றேன். அந்தப் பிள்ளைகள் செய்த தப்பு என்ன? அங்கும் யாரோ ஒருவர் மூன்று மணிக்குப் பரீட்சை எழுதலாம், அது நமக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சரியாகப் பிரித்துப் புதிதாக ஏற்றலாம். அப்படிச் செய்தால் எட்டு கோரும் சில நிமிஷம் அறுந்து போகும், அந்தச் சில நிமிஷம் எவ்வளவு நீளும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. லெட்சுமியின் வீட்டை மட்டும் மாற்றலாம். அது சுலபம், ஆனால் பக்கத்துப் பதினைந்து வீடும் அதே தப்பைத்தான் அனுபவிக்கின்றன. ஒரு வீடாகத் தொடங்கி ஒவ்வொன்றாகப் பதினாறையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். ஏழாவது கோர் உம்பாய்ப் பக்கத்துக்கு உரியது. அங்கே மீன் கடைகள் சாயங்காலம்தான் விழிக்கும், மத்தியானம் அந்தக் கோர் வெறும் கையோடு இருந்தது.

"எந்த வீட்டுல ஆள் இல்ல?" என்று லெட்சுமியைக் கேட்டேன்.

"கடைசி வீடு. மக வீட்டுக்குப் போயிருக்காங்க."

முதலில் அந்த வீடு. ஏழாவது கோரில் புது வரிசையைக் கட்டச் சொன்னேன். பிறகு, அந்த வீட்டுக்குப் போகிற பாக்கெட்டை நாலுக்குப் பதில் ஏழுக்குத் திருப்பச் சொன்னேன். கபீர் நான் சொன்னதைச் சொன்னபடி அடித்தார். அந்த வீட்டுப் பெட்டி பதில் சொல்லிற்று. யாருக்கும் ஒன்றும் அறுந்து போகவில்லை. மழை அப்போதுதான் தொடங்கியது. தகரக் கூரைமேல் முதலில் தனித்தனியாக, பிறகு ஒரே இரைச்சலாக. கூடவே போனில் கபீரின் குரல் உடையத் தொடங்கியது. பிள்ளைகள் விடுதிக்கு வந்துவிட்டார்கள்.

"அக்கா, பழைய வரிசைய... பண்ணட்டும்? அழிக்கிற கட்டளை உங்க... குறிப்புல..."

என் பழைய குறிப்பில் இருந்த அந்தக் கட்டளை ஒரு வீட்டை மட்டும் அழிக்காது. நாலாவது கோரில் மரம்போல் கிளைத்திருக்கும் எல்லா வரிசைகளையும் வேரோடு எடுத்துவிடும். விடுதிகள், இன்னும் மாற்றாத பதினைந்து வீடுகள், இந்தப் போன் அழைப்பு எல்லாம் போய்விடும். "அழிக்க வேணாம்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என் வாக்கியம் முழுதாகப் போய்ச் சேர்ந்ததா, பாதி வாசலில் விழுந்ததா என்று தெரியவில்லை. மழை இரைச்சலில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன். நேரம் அப்படியே நின்றுவிட்டதுபோல் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

லெட்சுமி என் கையைத் தொட்டாள். "வேணாம்னு மொதல்ல சொல்லுங்கக்கா. உடையுற லைன்ல நாங்க அப்படித்தான் சொல்லுவோம். மொதல்ல வேணாம், அப்புறம் எது வேணாம், கடைசில மறுபடி வேணாம். ஒண்ணு விழுந்தாலும் ஒண்ணு போய்ச் சேரும்."

"வேணாம். கபீர், வேணாம். அழிக்க வேணாம். வேணாம்."

"...ணாம், சரிக்கா. அழிக்கல."

கபீர் காதில் முதலில் விழுந்தது "அழிக்க" என்பது மட்டும்தான். கை கீபோர்டில்தான் இருந்தது. ஏன் அழுத்தவில்லை என்று பிறகு கேட்டேன். "அழிக்கணும்னா அக்கா 'அழிச்சிருங்க'ன்னு சொல்லுவீங்க. 'அழிக்க'ன்னு ஆரம்பிச்சா பின்னால ஏதோ வருது. அதான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றார். ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுக்கிற வேலையில் இருந்தேன் நான். அன்று சரியாகக் காத்திருக்கத் தெரிந்தவர் கபீர்தான்.

மீதி வீடுகளை ஒவ்வொன்றாக மாற்றினோம். ஒவ்வொரு தடவையும் செய்யக் கூடாததை முதலில் சொன்னேன், செய்ய வேண்டியதைப் பிறகு சொன்னேன், அவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே அடித்தார். பன்னிரண்டாவது வீடாக லெட்சுமியின் வீடு போனது. அந்த நிமிஷமே கபீரின் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் தெளிந்தது. பதினாறும் முடிந்தபோது மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

"அக்கா, நீங்க வெளிய இருக்கணும்" என்றாள் லெட்சுமி. சங்கடப்படாமல் சொன்னாள், நானும் சங்கடப்படாமல் போனேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வாசல் படியில், கூரைத் தண்ணீர் முன்னால் திரைபோல் விழ, உட்கார்ந்தேன். எதிரே அஞ்சாவது லைன் மழைக்குள் கரைந்து தெரிந்தது. உள்ளே அவள் குரல் தமிழில் எழுந்தது, மலாய்க்கு மாறியது, மறுபடி தமிழுக்கு வந்தது. வார்த்தைகள் புரியவில்லை, புரியவும் கூடாது. பிறகு ஒரு மௌனம். இத்தனை வருஷத்தில் நான் கவனித்துக் கேட்ட மௌனம் அது ஒன்றுதான். எங்கோ ஒருவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கியிருக்கிறார், அது துண்டுகளாகி, பாச்சாங் மாடியில் ஏழாவது கோரின் வாசலில் நுழைந்து, நின்று, புறப்பட்டு, இந்தச் செம்பனைக்குள் வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றும் விழக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் லெட்சுமியின் குரல் மலாயில், நிதானமாக, ஒரே மூச்சில் கேட்டது. திரும்பக் கேட்கவில்லை. திருத்தவில்லை.

கதவு திறந்தது. அவள் கண் கலங்கியிருந்தது.

"முழுசா வந்துச்சுக்கா."

என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் வேலை போகவில்லை என்பது தெரியும், அது போதும். அன்று அந்தப் படியிலேயே நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மூன்று தடவை அவள் சரியாகச் சொன்னதை மூன்று தடவையும் எனக்குத் தெரிந்த அர்த்தத்தில் நானாகவே நிரப்பிக்கொண்டேன் என்று சொன்னேன். ஊகிக்கக் கூடாது என்பது அவளுக்கு முதல் பாடம். எனக்கு அது அவ்வளவு வருஷம் கழித்து வந்தது.

மறுநாள் சுவரிலிருந்த சராசரித் திரையைக் கழற்றினேன். எட்டு கோருக்கும் எட்டுக் கோடு போட்டேன். விடுதிகளை மாடி மாடியாகப் பிரித்து நான்கு கோரில் பரப்பினேன், அவர்கள் குறை சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். பிரிவுகளுக்கு லைன் என்ற பெயரை எடுத்துவிட்டேன். படிவத்தில் இருந்த "லைன்" கட்டத்தை "எந்த லைன்?" என்று மாற்றினேன். அது வாடிக்கையாளருக்கான கேள்வி இல்லை, அவர் சொல்வதை எழுதிக்கொள்கிற உங்களுக்கான கேள்வி. அவர் வாயில் வருகிற சொல் உங்களுக்குத் தெரிந்த சொல்தான் என்று தோன்றும்போதே கேட்டுவிடுங்கள். அசடாகத் தெரிவோம் என்று பயப்பட வேண்டாம். நான் கேட்காமல் இருந்து எவ்வளவு அசடாக இருந்தேன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

என் கடைசி வேலை நாள் மத்தியானம் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. லெட்சுமி. நான் போகிறேன் என்று கபீர் சொல்லியிருப்பார்.

"சும்மாதான் அடிச்சேன்கா. எங்க லைன் நல்லா இருக்கு."

"எந்த லைன்?" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் சிரிப்பது உடையாமல் கேட்டது.

"ரெண்டும்தான்கா."